தோல் வேலை யாருக்குப் பொழுதுபோக்கு?

(திருச்சியில் இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வருடமாக நான் தோல் வேலை கற்றுக்கொண்டிருக்கிறேன். பிழைப்புக்காக இல்லை. எனக்கு அலுவலக வேலை இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து என்று தைத்துப் பழகுகிறேன். பொழுதுபோக்குதான். இதைப்பற்றி ஒரு கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் அருந்ததியர் சாதியில் பிறந்தவன் என்பதால் பேச வேண்டியிருக்கிறது.

என் தாத்தா முசிறிப் பக்கத்துக் கிராமத்தில் தோல் வேலை செய்தவர். கவலை இறைத்த காலம் அது. சாலில் கட்டும் தோல் தும்பியைத் தைத்துக் கொடுப்பதும், குடியானவர்களுக்குச் செருப்புத் தைப்பதும், ஊரில் மாடு செத்தால் தூக்கிக்கொண்டு போவதும் அவர் வேலை. அறுவடை முடிந்தால் களத்தில் தானியம் கொடுப்பார்கள். கேட்டு வாங்க முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் தைத்த தும்பியில் வந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. அதே கிணற்றில் அவர் ஒரு வாளி இறைக்க முடியாது. பம்புசெட் வந்தபிறகு தும்பிக்கு வேலை போய்விட்டது. திருச்சிக்கு வந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்.

அப்பா படித்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் கலாசியாகச் சேர்ந்தார். வேலை கிடைத்த அன்றைக்கு தாத்தாவின் குத்தூசியையும் உளியையும் ஒரு சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டவர்தான். எங்கள் வீட்டில் செருப்பு அறுந்தால் புதிது வாங்குவோமே தவிர, அப்பா தைக்க மாட்டார்.

போன வருடம் தில்லைநகரில் இரண்டு நாள் தோல் கைவினைப் பயிற்சி என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். கட்டணம் மூவாயிரம் ரூபாய். போனேன். பத்துப் பேர் இருந்தோம். ஐடியில் வேலை செய்கிறவர்கள், ஒரு வங்கி அதிகாரி, கல்லூரி மாணவிகள். மர மேசை, ஏப்ரன், காபி. சொல்லிக்கொடுத்த தம்பி நல்ல பையன். தோலுக்கு முதுகுப்பகுதி உறுதி, வயிற்றுப்பகுதி இழுத்தால் நீளும், பெல்ட் வெட்டினால் முதுகில்தான் வெட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு தையல். ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். மிஷின் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். இதில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். "இது ஐரோப்பாவுல குதிரைச் சேணம் தைக்கிறவங்களோட டெக்னிக்" என்றார் அந்தத் தம்பி.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஐரோப்பாவிலும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. நான் நான்காம் வகுப்புப் படித்தபோது, கால் முட்டிக்கு நடுவில் செருப்பை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் அகல விரித்து இதே தையலைத் தைத்த ஒரு கிழவனைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட நண்பர்கள் கூட வந்தால், அவர் என் தாத்தா என்று தெரிந்துவிடுமே என்று சாலையின் மறுபக்கம் ஏறி நடந்திருக்கிறேன். அந்தக் கலையை மூவாயிரம் ரூபாய் கட்டி, ஐரோப்பாக் கலையாகக் கற்றுக்கொண்டு வந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்ரீரங்கத்துப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாட்டிக்குத் தெரிஞ்சா தலைக்குக் குளிச்சிட்டு உள்ள வான்னு சொல்லுவா." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குளித்தால் அவருக்குப் போய்விடும், அதனால் அது வேடிக்கை. என் தாத்தாவுக்கு எத்தனை முறை குளித்தும் போகவில்லை.

தோழர்களே, இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். தோல் ஒன்றுதான். தொடுகிற கை யாருடையது என்பதைப் பொறுத்து அது கலையாகிறது, அல்லது தீட்டாகிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். அந்தப் பயிற்சி அறையில் எனக்கு அது புரிந்த மாதிரி வேறெங்கும் புரிந்ததில்லை.

ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கநாதருக்குத் தோல் செருப்பு செய்து காணிக்கையாகக் கொடுக்கும் மரபு அங்கே உண்டு. பெருமாள் போட்டுத் தேய்ந்தது என்று பழைய செருப்புகளைக் கோயிலுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். செருப்பு உள்ளே போகலாம். அதைச் செய்தவர்கள் உள்ளே போக 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வர வேண்டியிருந்தது. மிருதங்கமும் அப்படித்தான். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அந்தத் தோலைத் தேடிப் பதப்படுத்திப் பொருத்தித் தருகிறவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப்பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலை 2020இல் வெளியிட, கலாக்ஷேத்ரா கொடுத்த அரங்க அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாதம் வேண்டும், மாடு எப்படித் தோலானது என்ற பேச்சு வேண்டாம்.

அதே நேரத்தில் இன்னொரு குழியிலும் நாம் விழுந்துவிடக் கூடாது. "உங்கள் பாரம்பரியத் தொழில் அல்லவா, பெருமையாகச் செய்யுங்கள்" என்று சிலர் அன்பாகச் சொல்வார்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் இதைத்தான் சொன்னது. அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்தார். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கைவிடப்படாமல் இருந்திருந்தால் என் அப்பா பொன்மலைக்குப் போயிருப்பாரா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் செருப்புத் தைப்பதும் ஒன்று. குடும்பத் தொழில், வயது 18 போதும் என்ற நிபந்தனைகளில் குலக்கல்வியின் வாடை அடித்ததால்தான் தமிழ்நாடு அதை அப்படியே ஏற்க மறுத்தது.

பெருமை பேசுகிறவர்கள் உனாவை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். செய்தாலும் அடி. அதன்பிறகு அங்கே தலித்துகள் செத்த மாடுகளை அரசு அலுவலகங்களுக்கு முன்னால் கொண்டுபோய்ப் போட்டு, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நம் ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று தோல் ஆலைக் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை ஆசையாகத் தடவிப் பார்க்கும் தோலுக்குப் பின்னால் இவர்களும் இருக்கிறார்கள்.

பயிற்சி முடிந்ததும் நான் தைத்த பர்ஸை அப்பாவிடம் காட்டினேன். எங்கள் வீட்டுக்குள் தெலுங்கு. அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "இத விட்டு வெளிய வர எனக்கு முப்பது வருசம் ஆச்சு. நீ காசு குடுத்துத் திரும்பப் போறியாடா?" என்னிடம் பதில் இல்லை. இரண்டு மாதம் அவர் அந்தப் பர்ஸைப்பற்றிப் பேசவே இல்லை.

அந்த இரண்டு மாதத்தில் நான் ஸ்ரீரங்கத்தில் சாலையோரம் உட்கார்ந்து தைக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். கற்றுக்கொடுங்கள் என்றதும், "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றார். என் தாத்தாவைச் சொன்னேன். அதன்பிறகு "வா, உக்காரு" என்றார். குத்தூசியை அழுத்திக் குத்தாதே, திருகிக்கொண்டே இறக்கு. நூலுக்கு மெழுகு போதவில்லை. முடிக்கும்போது இரண்டு துளை திரும்பித் தை, முடிச்சே வேண்டாம். பயிற்சி வகுப்பில் இரண்டு நாளில் வராதது அங்கே ஒரு மாலையில் கைக்கு வந்தது. அவர் ஒரு செருப்புக்கு வாங்குவது இருபது ரூபாய். அதே தையல் போட்ட பர்ஸ் கடையில் இரண்டாயிரத்துக்கு மேல். அவருக்கு மேலே ஒரு குடைதான் கூரை. திருவிழா வந்தால் அந்த இடமும் இல்லை, எழுப்பிவிடுவார்கள்.

ஆகவே என் கோரிக்கைகள் எளிமையானவை. இந்தக் கலையைக் கற்பிக்கிற இடங்களில் இந்த மனிதர்கள் ஆசிரியர்களாக உட்கார வேண்டும், ஆசிரியருக்கான சம்பளத்தோடு. சாலையோரம் தைக்கிறவர்களுக்கு மாநகராட்சி நிரந்தரக் கடை தர வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போக வேண்டும். 2009இல் போராடிப் பெற்ற மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டு 1 தீர்ப்புக்குப் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் இடங்கள் நிரம்புகின்றனவா என்று நாம்தான் பார்க்க வேண்டும். இங்கே இருக்கிற மற்ற சாதித் தோழர்களே, நீங்கள் கட்டாயம் தோல் வேலை கற்றுக்கொள்ளுங்கள். அந்த அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய், குளிக்காமல் சாப்பிட உட்காருங்கள். அப்போது உங்கள் வீட்டில் ஆரம்பிக்கும் பாருங்கள் ஒரு விவாதம், அதை நடத்துங்கள்.

போன மாதம் ஒரு நாள் அலுவலகம் விட்டு வந்தபோது, என் பர்ஸின் ஓரத்தில் கோணலாக இருந்த பத்துத் தையலைப் பிரித்து யாரோ திருத்தித் தைத்திருந்தார்கள். பரணில் இருந்த சாக்கு கீழே இருந்தது. அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எதுவும் கேட்கவில்லை. பேரன் கேட்டால் சொல்லிக்கொடுப்பாராம். அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் பத்தாவது பரீட்சை முடிந்த பிறகுதானாம்.

 ஜெய் பீம்.