தொட்டி ரோஜாவும் கத்தரிக்கோலும்

(ஆதம்பாக்கம் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆதம்பாக்கத்தில் பள்ளித் தோட்டம் என்றதும் எழும் முதல் கேள்வி, மண் எங்கே என்பதுதான். எங்கள் வளாகம் முழுக்கச் சிமெண்ட் தளம். பிள்ளைகள் பலருக்கு வீடென்பது ஒரே அறை. எனவே 8 அங்குலத் தொட்டியில் பிழைக்கும் செடியாகத் தேடினோம். நர்சரியில் பட்டன் ரோஜா என்று தருகிறார்களே, அந்தக் குட்டி ரோஜா பொருந்தியது.

பல பள்ளிகளில் தொட்டிச் செடிகள் தலைமையாசிரியர் அறை வாசலில், 'தொடாதே' என்ற அட்டையோடு நிற்கும். தொடக் கூடாத செடியால் பாடத்துக்கு என்ன பயன்? ரோஜா வெட்ட வேண்டிய செடி. புதுத் துளிரின் நுனியில்தான் அதற்குப் பூ. வாடிய பூவை, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே வெட்டினால் ஐந்தாறு வாரங்களில் மறுபடி பூக்கும். முதல் நாள் எந்தப் பிள்ளையும் வெட்ட மாட்டாள். செடிக்கு வலிக்கும் என்பாள். அந்தத் தயக்கத்தைக் கேலி செய்யாமல் கத்தரிக்கோலைக் கையில் கொடுங்கள். வெட்டிய தேதியையும், துளிர் வந்த தேதியையும், அதன் நீளத்தையும் அவளே குறிக்கட்டும். கணக்குப் பாடமும் அதிலேயே நடந்துவிடும். ரோஜா முள்ளைப் பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள், பட்டென்று உதிரும். அது தோலின் வளர்ச்சி. காகிதப்பூச் செடியின் முள்ளோ உருமாறிய கிளை, எளிதில் வராது. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் விரலில் உணர்வதற்கு ஈடாகாது.

குட்டி ரோஜாவின் மூதாதை சீன ரோஜா. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது கல்கத்தா வழியாகக் கப்பலேறி ஐரோப்பா போனதால், அங்கே அதற்கு வங்காள ரோஜா என்றே பெயர். ஆண்டு முழுதும் பூக்கும் குணம் அதிலிருந்து வந்தது. பின்னர், முதல் உலகப் போர்க் காலத்தில், சுவிட்சர்லாந்துக் கிராமமொன்றின் சன்னல் தொட்டியில் ஒரு குள்ள ரோஜாவை ரூலே என்ற ராணுவ அதிகாரி கண்டார். அவர் பெயரையே செடிக்கும் வைத்தார்கள். தொட்டி இதற்குப் புதிதல்ல.

பெரிய ரோஜாக்களை வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவார்கள். குட்டி ரோஜா சொந்த வேரிலேயே நன்றாக வளரும். மழைக்காலம் ஓயும்போது, நான்கு கணு உள்ள குச்சியை வெட்டி ஈர மணலில் நட்டால் மூன்று நான்கு வாரங்களில் வேர்விடும். ஒரு செடி வாங்கினால் போதும்; வகுப்புக்கே பங்கு வைக்கலாம்.

செம்மண், மணல், மட்கிய உரம் சம அளவு. அடியில் துளை அவசியம். ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும்; மே மாதத்தில் மட்டும் உச்சி வெயிலுக்கு மறைப்பு. மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் விட்டால் போதும். பிள்ளைகளின் பாசம் பெரும்பாலும் தண்ணீராகவே கொட்டும், அதில்தான் வேர் அழுகுகிறது! கோடையில் இலையின் அடியில் செம்பேன் வரும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் குறையும்.

கோடை விடுமுறையில் பள்ளியில் விட்டால் செடி காய்ந்துவிடும். ஏப்ரலிலேயே பிள்ளைகளோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஜூனில் சில தொட்டிகள் திரும்புவதில்லை. விசாரித்தால், பூத்துவிட்டதாம், அம்மா தர மாட்டேன் என்கிறாராம்.