நாற்பதுக்குப் பின் ஏறிய ஏணி

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஏணி மேல் நின்றுதான் பழக்கம். ஆயினும், நடுவயதில் வேறு தொழில் கற்ற அனுபவத்தைச் சொல்லும்படி சாமி கேட்டுக்கொண்டதால் வந்து நிற்கிறேன்.

1932-இல் பைக்காராவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகே நம் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. அப்படிப்பட்ட ஆலை ஒன்றில் பத்தொன்பது வயதில் சேர்ந்தேன். ரிங் பிரேமில் அறுந்த நூலை ஒட்டுவதுதான் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒட்டினேன். 1994-இல் ஆலை மூடப்பட்டது. அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர்.

ஆறு மாதம் தினமும் காலையில் சாப்பாட்டுத் தூக்குடன் ஆலை வாசலுக்குப் போய்வந்தேன். கதவு திறக்காது என்று எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். ஆனாலும் தூக்கில் சோறு வைத்துக் கொடுத்தாள். ஒருநாள், "நாளைக்கும் அங்கேதானா?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் நண்பர் மகன் வயரிங் வேலை எடுத்துச் செய்துவந்தான். வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. என்னை 'மாமா' என்றுதான் கூப்பிடுவான். அவனிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். ஏணி சுமப்பதும், உளியால் சுவரில் காடி வெட்டுவதும் முதல் வேலை. தெரிந்தவர்கள் தெருவில் வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். உடம்பு வலியைவிட அதுவே பெரிய வலி. அத்துடன் வெள்ளெழுத்து வேறு! ஹோல்டரின் சின்னத் திருகாணி கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடி வாங்கிய பிறகே வேலை ஓடியது. ஆனால் ஒன்று சொல்வேன். நூல் ஒட்டிய விரல்கள் வயர் முறுக்கவும் உதவின. பழைய தொழில் எதுவும் வீண்போவதில்லை.

இனி, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சேர்ந்து ஓராண்டு ஆனபோது ஒரு பாட்டி வீட்டில் தனியாக ஒரு விளக்கு மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் எரிந்தது, அணைத்தால் அணைந்தது. கூலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சில நாள் கழித்து அந்த வீட்டுப் பையன் சுவிட்சை அணைத்துவிட்டு, வெறுங்காலுடன் இரும்பு நாற்காலியில் ஏறி பல்பு மாற்றப் போனவன் ஷாக் அடித்துக் கீழே விழுந்தான். கடவுள் கிருபையால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. நான் செய்தது என்ன? பேஸ் வயரில் வைக்க வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் வைத்துவிட்டேன். விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும்.

என் இளம் குரு அவர்கள் முன்னால் என்னைத் திட்டவில்லை. "மாமா, சுவிட்சை அணைச்சுட்டு ஹோல்டர்ல டெஸ்டரை வெச்சுப் பாருங்க" என்றான். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. அன்றிரவே மாற்றினேன், கூலியைப் பாட்டியிடம் திருப்பிக் கொடுத்தேன். இத்தொழிலில் வேலை முடிந்தது போலத் தெரிவது வேறு, சரியாக முடிவது வேறு என்று அன்றுதான் விளங்கியது.

பிறகுதான் முறையாகப் படிக்கத் துணிந்தேன். அரசு நடத்தும் மின்கம்பி உதவியாளர் தேர்வுக்கு ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கண்ணீர் வந்தது. பத்தாம் வகுப்புப் படித்த என் மகளே எனக்கு வாத்தியார். 1000 வாட் இஸ்திரிப்பெட்டியை 230-ஆல் வகுத்தால் நாலரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 2000 வாட் வெந்நீர்ப் பாய்லருக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே சின்ன பிளக்கில் பாய்லரை மாட்டினால் பிளக் கருகும் என்று நோட்டில் போட்டுக் காட்டினாள். எர்த் குழியில் கரியும் உப்பும் ஏன் போடுகிறோம்? மண்ணில் ஈரம் தங்கினால்தான் கசியும் மின்சாரம் தடையின்றி நிலத்துக்குள் போகும். ஐந்து வருடம் கொட்டிய உப்புக்குக் காரணம் அன்றுதான் தெரிந்தது! 2000-இல், நாற்பத்தேழு வயதில், தேர்வில் தேறினேன். இரண்டு பிள்ளைகளையும் இந்த ஏணிதான் கரையேற்றியது.

சகோதரர்களே, வேலை இழந்த ஆண்மகன் வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அவனுக்குப் புத்தி சொல்லாதீர்கள். ஒரு வேலையைக் காட்டுங்கள். இளையவர்களே, பெரியவர் ஒருவர் உங்களிடம் கற்க வந்தால் நாலு பேர் முன்னால் அவரைக் குறை சொல்லாதீர்கள். டெஸ்டரைக் கையில் கொடுங்கள். என்னைப்போல் நடுவயதில் நிற்பவர்களே, உங்கள் மகன் வயதுப் பையனை ஆசானாக ஏற்பதில் அவமானம் ஏதுமில்லை.

சாமி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொன்விழா நினைவாக நம் பங்கு மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை வயரிங் வகுப்பு நடத்த அனுமதி தாருங்கள். கூலியில்லாமல் நான் கற்றுத்தருகிறேன். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே முதல் இடம்.

கடைசியாக ஒன்று. பீஸ் போனால் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பீஸ் தான் எரிந்து வீட்டைக் காக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இப்போது கடையில் கிடைக்கிறது. திருவிழாவுக்குச் சட்டை எடுக்கும் முன் அதை வாங்கி மாட்டுங்கள்.