கைத்திறனும் மின்சுற்றும்



யானைக்கவுனி என்பது பழஞ்சென்னையின் மதில்வாயில்களுள் ஒன்றன் பெயர். அங்கிருந்து எண்ணூர்வரை நீளும் பகுதியில் கடைசலும் துளைப்பும் கைவந்தோர் பலர். 1952-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தார் செய்து காட்டிய எண்வழிக் கட்டுப்பாடு, இன்று 'சி.என்.சி.' எனும் பெயரில் விற்கப்படுகிறது. அப்பொறியை இயக்கும் மின்சுற்றுப் பலகையை வீட்டிலேயே ஆக்கலாம்.

செம்புப் படலம் ஒட்டிய பலகைமேல் மின்வழிகளை மையாற் பதித்தல் வேண்டும். பெரிக் குளோரைடுக் கரைசலில் இட்டால், மை மூடாத செம்பு கரைந்தொழியும். மூடிய செம்பு மின்வழியாய் எஞ்சும். அக்கரைசல் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு. சாக்கடையிற் கொட்டுதல் பெருங்கேடு.

படிநடை மின்னோடி ஒரு சுற்றுக்கு 200 படி நடக்குமாயின், சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகில் ஒரு படி 0.01 மில்லிமீட்டர். திருகு தளர்ந்திருப்பின் அந்நுட்பம் பாழ். அத்தளர்ச்சியை உணர்வது கடைசற்காரர் கை. ஆகவே, மின்சுற்றைக் கற்பது அவர்தம் பழந்திறத்தின் நீட்சியே.

ஒன்று மறவற்க! நிறுத்து பொத்தான் பலகையின் கட்டளையை நம்பியிராது, மின்னோடிக்கும் வெட்டுச் சுழலிக்கும் செல்லும் மின்சாரத்தை நேரே துண்டித்தல் வேண்டும். பலகை பழுதுறினும் தொழிலாளியின் விரல் பிழைக்கும்.

வாங்குவோராய் நின்ற தமிழர் ஆக்குவோராய் எழுக!