காந்தி பஜாரிலிருந்து லால்பாக் சாலை வரை

(பெங்களூரு கிளைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

"பத்து நிமிஷம்தான் ஓய்" என்று எச்சரித்துத்தான் காரியதரிசி என்னிடம் மைக்கைக் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டு விஷயம் பத்து நிமிஷத்தில் அடங்குமா தெரியவில்லை.

போன மாதம் என் பேத்தி ஒரு சனிக்கிழமைக்குப் பணம் கட்டிவிட்டாள். ஒரு வழிகாட்டியோடு பழைய பசவனகுடியில் நடந்துகொண்டே டிபன் சாப்பிடுவதாம். "அறுபது வருஷத்துக்கு மேல் இருக்கிற ஊரில் எனக்கு வழிகாட்டியா?" என்றேன். "வாங்கோ தாத்தா, கார்த்தாலே நடந்த மாதிரியும் ஆச்சு" என்றாள். நாங்கள் பன்னிரண்டு பேர். வழிகாட்டி இருபத்தைந்து வயது கன்னடப் பெண்.

கெம்பே கௌடர் 1537ல் நிறுவிய பேட்டையில் ஆரம்பித்தாள். 1898ல் பிளேக் வந்து பேட்டை நெரிசலிலிருந்து ஜனங்கள் பசவனகுடி, மல்லேஸ்வரம் என்று புதுப் பகுதிகளுக்கு வந்ததைச் சொன்னாள். காந்தி பஜாரில் 1943ல் ஆரம்பித்த வித்யார்த்தி பவன் முதல் நிறுத்தம். பெயருக்கு ஏற்றபடி மாணவர்களுக்காக வந்த இடம். சர்வர் ஒரே கையில் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவது ஒரு வித்தை. மொறுமொறுப்பும் தடிமனும் சேர்ந்த அந்தத் தோசையை நம் ஊர் தோசையோடு ஒப்பிடக் கூடாது. அது வேறு ஜாதகம். மாஸ்தி வேங்கடேச ஐயங்கார் வசித்த வட்டாரம் இது என்றாள் அந்தப் பெண். வீட்டில் தமிழ் பேசிய மாஸ்திதான் கன்னடத்துக்கு 1983ஆம் வருஷத்து ஞானபீட விருதைக் கொண்டுவந்தார்.

அடுத்தது சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார், 1965லிருந்து நடப்பது. நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி, அவ்வளவுதான். சாம்பார் கிடையாது, சட்னி கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள்.

எங்களோடு வந்த ஒரு பையன் அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டான். மாவள்ளி டிபன் ரூம்ஸும் 1924ல் பிராமின் காபி கிளப்தான், 1951ல்தான் பெயர் மாறியது என்றாள் வழிகாட்டி. பெயர் சுத்தத்துக்கு அடையாளம் என்று நாம் சொல்வது வழக்கம். யார் எங்கே உட்காரலாம் என்பதற்கும் அந்த நாளில் பல ஊர்களில் அதுவே அடையாளம். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1950ல் அரசியல் சட்டத்தின் 15வது ஷரத்து கடை, ஹோட்டல் என்று பெயர் சொல்லியே அதைத் தடுத்தது. இதை நம் மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

கடைசியில் லால்பாக் சாலை, எம்.டி.ஆர். யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல் ரவையில் இட்லி செய்து பார்த்த கதை உங்களுக்குத் தெரியும். நெருக்கடி நிலைக் கதை இன்னும் ருசி. டிபனுக்கு விலைக் கட்டுப்பாடு வந்தபோது தரத்தைக் குறைக்க மனமில்லாமல் நஷ்டத்தில் விற்று, அன்றன்றைய நஷ்டத்தை வாசலில் பலகையில் எழுதி வைத்தார்களாம். பிறகு மூட வேண்டி வந்தது. வேலையாட்களைக் கைவிடாமலிருக்க மசாலாப் பொடி, மாவு மிக்ஸ் போட ஆரம்பித்தார்கள். அந்தப் பாக்கெட் வியாபாரம் 2007ல் நார்வேயின் ஓர்க்லா கம்பெனிக்குப் போனது. ஹோட்டல் குடும்பத்திடமே இருக்கிறது.

அப்போது அந்தப் பெண், "முதலாளிகள் பெயரெல்லாம் கிடைக்கிறது. விடியற்காலை மாவு ஆட்டியவர்கள் பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை" என்றாள்.

"எங்கப்பா ஆட்டினார்" என்று சொல்லிவிட்டேன். கன்னடத்தில்தான் வந்தது.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, இந்த ஊரில் வேறொரு ஹோட்டலில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார். கிரைண்டர் இல்லாத காலம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தால் விடிந்துதான் எழுந்திருப்பார். வலது தோளைத் தூக்க முடியாமல் போயிற்று; பூணூல் மாற்றும்போது நான்தான் பிடித்துவிடுவேன். எங்களை அந்த ஹோட்டல் பக்கமே வரவிட மாட்டார். அக்கா கல்யாணத்துக்கு வரன் பார்த்தபோது "தகப்பனார் ஹோட்டல் பிசினஸ்" என்று எழுதினோம். எழுதிக் கொடுத்தவன் நான். அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மடித்துக் கொடுத்துவிட்டார்.

பேத்தி என்னையே பார்த்தாள். "ஏன் தாத்தா எங்கிட்ட சொல்லவே இல்லை?" என்றாள். காபி வந்தது. குடித்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை நல்லது, ஞாயிறன்று காபி பார் விடுமுறை. பழகிய செருப்பு போடுங்கோ. சர்க்கரை உள்ளவர்கள் ஒரு தட்டை இரண்டு பேராகப் பகிருங்கோ.

ஒரு வேண்டுகோள். ஹோட்டலிலோ கல்யாணச் சமையலிலோ கரண்டி பிடித்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பெயர், சொந்த ஊர், வேலை பார்த்த ஊர், வருஷம் எழுதிக் கிளைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கோ. எந்த ஊர் உறுப்பினரானாலும் சரி. முதல் தாளை நான் இன்று காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். தொழில் என்ற இடத்தில் "மாவு ஆட்டுதல்" என்று எழுதியிருக்கிறேன்.