ஆறு வாரம், ஆறு மாலை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



படைப்பெழுத்தைக் கற்பிக்க இயலுமா என்னும் வினா, பட்டறைகள் தோன்றிய நாள்முதல் எழுப்பப்பட்டு வருகிறது. அத்துணை கேட்கப்படாத வினா ஒன்றும் உண்டு: பட்டறைக்கு வர இயலாமற் போகிறவர் யார்? இவ்வுரை அந்த இரண்டாம் வினாவைப் பற்றியது.

தீவிரப் பட்டறைக்கு நன்கறியப்பட்ட சான்று அமெரிக்காவின் கிளாரியன். 1968-இல் பென்சில்வேனியா மாநிலத்துக் கிளாரியன் கல்லூரியில் ராபின் ஸ்காட் வில்சன் அதனைத் தொடங்கினார். அறிவியல் புனைகதை எழுத விழைவோர் ஆறு வாரம் ஒரே இடத்தில் தங்குவர். மூத்த எழுத்தாளர்கள் முறைவைத்து வந்து நடத்துவர். முறை எளியது. ஒருவர் எழுதிய கதையை மற்றவர் அனைவரும் முன்னரே படித்து வருவர். வட்டமாக அமர்ந்து ஒருவர்பின் ஒருவராகக் கருத்துரைப்பர். அதுவரை எழுதியவர் வாய் திறத்தல் கூடாது, இறுதியில்தான் மறுமொழி. 1956-இல் மில்ஃபோர்டு என்னும் ஊரில் டேமன் நைட் முதலியோர் கூட்டிய எழுத்தாளர் மாநாட்டின் வழிவந்த முறை இது. பிறர் கதையில் குறை காணப் பழகிய கண், நாளடைவில் தன் கதையிலும் அதே குறையைக் காணத் தொடங்குகிறது. பட்டறையின் பெரும்பயன் அதுவே.

1970-இல் அங்குச் சென்றவர்களுள் ஒருவர் ஆக்டேவியா பட்லர். கலிபோர்னியாவின் பாசடீனா நகரில், வீட்டு வேலை செய்து குடும்பத்தைக் காத்த தாயின் மகள். முன்னர் ஒரு போலி முகவர், கதையைப் படித்துப் பார்ப்பதற்கென்று, ஒரு மாத வீட்டு வாடகையை விஞ்சிய தொகையை அக்குடும்பத்திடம் பறித்திருந்தார். கிளாரியனில் பட்லரின் இரு கதைகள் விலைபோயின. அதன்பின் ஐந்தாண்டுகள் ஒன்றும் விற்கவில்லை. பாத்திரம் கழுவியும், உருளைக்கிழங்கு வறுவலைத் தரம் பார்த்தும் பிழைத்துக்கொண்டு, விடியலுக்கு வெகுமுன்பே எழுந்து எழுதினார். முதல் நாவல் 1976-இல் வெளிவந்தது. 1995-இல் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. அவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவரைப் போன்று வந்து சேராதவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு எவரிடமும் இல்லை.

பட்டறையின் செலவு மூவகைப்படும். கற்பிப்போர்க்கான கட்டணம் ஒன்று. பயணமும் தங்கலும் மற்றொன்று. ஆறு வாரம் விட்டுக்கொடுக்கும் கூலியும் குடும்பப் பொறுப்பும் மூன்றாவது. முதலிரண்டும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதே பலரை வாயிலிலேயே நிறுத்திவிடும்.

இதற்கு மாற்று தேடியோர் பலர். 2006-இல் பட்லர் மறைந்தபின், அவர் பெயரால் கார்ல் பிராண்டன் சங்கம் உதவித்தொகை நிறுவியது. உதவித்தொகை கட்டணத்தைக் குறைக்கும். விடுப்புத் தர மறுக்கும் முதலாளியை இளக்காது. 1997-இல் தொடங்கிய வயபிள் பாரடைஸ் பட்டறை ஒரே வாரத்தில் முடிந்தது. காலம் சுருங்கிற்று, ஆயினும் கேட்ட குறையைத் திருத்தி, அடுத்த கதையை எழுதிக் காட்டுவதற்கு அங்கே இடமில்லை. பெருந்தொற்றுக்குப்பின் 2022-இல் சியாட்டிலின் கிளாரியன் வெஸ்ட் இணையவழி நடந்தது. பயணச் செலவு ஒழிந்தது. அழும் குழந்தை பக்கத்து அறையிலேயே இருந்தது.

ஆஸ்டின் நகரத்து டர்க்கி சிட்டி குழுவினர் காட்டிய வழி வேறு. 1970-களில் தொடங்கிய அக்குழுவில் எழுதுவோரே தம்முள் கூடி ஒருவர் கதையை ஒருவர் ஆய்ந்தனர். மில்ஃபோர்டு முறைக்கு விடுதியும் வேண்டா, ஊதியம் பெறும் ஆசானும் வேண்டா என்பது இதனால் புலனாகும்.

இம்முறையை ஓர் இலக்கிய வட்டம் எங்ஙனம் கையாளலாம்? எண்மர் சேரட்டும். ஒரு மாலைக்கு நான்கு கதைகள். ஒரு கதைக்கு எழுவர், ஆளுக்கு மூன்று மணித்துளி எனில் இருபத்தொன்று; எழுதியவர் மறுமொழிக்கு ஐந்து. நான்கு கதைக்கும் 104 மணித்துளி. இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வாரம் ஒரு மாலையாக ஆறு வாரம் கூடினால் இருபத்துநான்கு கதைகள், ஆளுக்கு மூன்று. கூலி எவர்க்கும் குறையாது. செலவு, படியெடுக்கும் காசும் தேநீரும்தான்.

ஆயினும் சில கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாகாது. படிகள் மூன்று நாள் முன்னரே கைக்கு வரவேண்டும். படியாதவர் பேசலாகாது. கதையைத் தவிர எழுதியவரைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது; சாதியும் ஊரும் பாலும் பேச்சில் புகுந்த இடத்தில் பட்டறை முடிந்துபோகும். மூத்தவர் இறுதியாகவே பேசட்டும். அவர் முதலில் பேசிவிட்டால் இளையோர் அதையே வழிமொழிவர். கூடும் நேரம், பெண்கள் இருட்டுமுன் வீடு திரும்பத்தக்கதாய் அமையட்டும்.

ஆறு வார உறைவிடப் பட்டறைக்கு இது முற்றும் ஈடாகாது. உலகை மறந்து எழுத்திலேயே வாழ்ந்த ஆறு வாரத்தை ஆறு மாலைகள் தந்துவிடா. ஆனால் அந்த ஆறு வாரம் எந்நாளும் வாய்க்காதவர்க்கு, ஆறு மாலைகள் சிறிதல்ல.

பத்தாண்டுகளாகப் பிறர் நூல்களை விவாதித்து வந்த வட்டம் இது. பதினோராம் ஆண்டில், பின்வரிசையில் பேசாது அமர்ந்திருப்பவரின் பையிலுள்ள கதையும் மேசைக்கு வரட்டும்.