புழுவைக்கும் ஈயும் தடய அறிவியலும்



பல்லாண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் தடய அறிவியல் கட்டுரையொன்றைத் தமிழாக்கிக் கொணர்ந்தார். ஆங்கிலத்தில் ‘புளோஃபிளை’ எனப்படுவதை ‘ஊதும் ஈ’ என்று பெயர்த்திருந்தார். நாமும் திருத்தாது விட்டோம். அப்பிழையைத் திருத்துவதே இவ்வுரையின் நோக்கம்.

இந்த ஈ எதையும் ஊதுவதில்லை. ஆங்கிலத்தின் ‘புளோ’ என்னும் வினைக்கு, இறைச்சியில் ஈ முட்டையிடுதல் என்றொரு பழம்பொருள் உண்டு. அதற்கு நேரான வழக்கு நம் பாட்டிமாரிடமே இருந்தது: ‘புண்ணில் புழு வைத்துவிட்டது’ என்பர். ஆகவே ‘புழுவைக்கும் ஈ’ என்பதே பொருந்தும் பெயர். பச்சையாகவும் நீலமாகவும் மின்னும் இவ்வீயை மலாய்மொழி ‘லங்காவ்’ எனத் தனிப்பெயரால் சுட்டுகிறது.

பெயரில் இத்துணைக் கவனம் ஏன்? இவ்வீ வழக்குகளில் சாட்சியாகிறது. 1247இல் சீன நடுவர் சொங் சி எழுதிய நூலில் ஒரு கொலை வழக்கு வருகிறது. ஊராரின் அரிவாள்களைத் தரையில் வைக்கச் செய்தபோது ஒன்றை மட்டும் ஈக்கள் மொய்த்தன. அதற்குரியவன் குற்றத்தை ஒப்பினான். 1935இல் ஸ்காட்லாந்தின் ஓடைப்பள்ளமொன்றில் கிடைத்த இருவர் உடல்களில் இருந்த புழுக்களின் வயது 12 முதல் 14 நாள் எனக் கணிக்கப்பட்டது. பக் ரக்ஸ்டன் வழக்கில் அக்கணிப்பு துணைநின்றது.

கணிப்பின் அடிப்படை வெப்பம். முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்னும் வளர்ச்சி வெப்பம் மிகுந்தால் விரையும், குறைந்தால் தாழும். பிரிட்டனில் குளிர்ந்த மாதங்களில் நீல ஈயும் கோடையில் பச்சை ஈயும் மிகும். அங்கே ஈயின் இனமே பருவத்திற்குக் குறிப்பாகும். மலேசியாவிலோ வெப்பம் ஆண்டு முழுதும் பெரிதும் மாறாது. மழையும் நில உயரமுமே வேறுபாட்டைத் தருகின்றன. தாழ்நிலத்தில் கிரைசோமியா மெகாசெபலா, கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் ஆகிய இரண்டும் மிகுதி. பின்னதின் புழு பிற புழுக்களையும் உண்ணும். முன்வந்த சாட்சியை அழித்துவிடவும் கூடும். கனமழையில் ஈயின் வருகை தடைப்பட, முட்டையிடல் தாமதமாகும். கேமரன் மலையின் குளிரில் வளர்ச்சியே மெதுவாகும்.

ஆதலால் வல்லுநர், ‘இறந்து குறைந்தது இத்தனை நாள்’ என்றே கூறுவர். அந்தக் ‘குறைந்தது’ என்னும் சொல்லை மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்டாலோ, ‘கூட்டுப்புழு’ என வேண்டிய இடத்தில் ‘புழு’ என்றாலோ, கணக்கு நாட்கணக்கில் பிழைபடும். குற்றமற்றவர் கூண்டில் நிற்கவும் அது காரணமாகலாம்.

கலைச்சொல்லைக் கற்பிக்கும்போது பொருளின் இயல்பையும் சேர்த்தே கற்பிப்போம். அன்று நாம் இடத் தவறிய சிவப்புக் கோட்டை இன்று இடுகிறோம். அம்மாணவர் பொறுத்தருள்வாராக.