முளைதானிய மாவும் குழந்தை உணவும்



விதை தன் வளர்ச்சிக்கென மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. முளைக்கும் வேளையில் அதனைச் சர்க்கரையாகப் பிரிப்பது அமிலேஸ் என்னும் நொதியாகும். 1833-இல் பாயென், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் முளைகட்டிய தானியத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர்.

இதற்கும் நமது பணிக்கும் என்ன தொடர்பு என நீங்கள் வினவலாம். ஏழைக் குழந்தையின் முதல் திட உணவு பெரும்பாலும் கஞ்சியே. மாவைக் கூட்டினால் கஞ்சி கெட்டியாகிறது. குழந்தையால் விழுங்க இயலுவதில்லை. நீரைக் கூட்டினால் வயிறு நிரம்புகிறது, கலோரி குறைகிறது.

1980-களில் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு எளிய வழி கண்டனர். கோதுமையை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, அரைத்த மாவில் ஒரு தேக்கரண்டியளவு சூடான கஞ்சியில் கலந்தால், சில நிமிடங்களில் அது இளகுகிறது. கொதிநிலையில் நொதி அழிந்துவிடும். ஆதலால் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேர்த்தல் வேண்டும்.

கஞ்சியை இளக்குவது மட்டும் நோக்கமன்று. அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைச் சேர்ப்பதே நோக்கம். அங்கன்வாடி உணவை ரூபாயிலும் கிராமிலும் கணக்கிடுகிறோம். குழந்தை உட்கொண்டது எவ்வளவு என்பதே மெய்யான அளவுகோல். இந்த நொதிக்கு இறக்குமதி வேண்டாம். பயிற்சியும் தூய்மையும் வேண்டும். அவற்றை அளிப்பது நமது கடமை.